பிளேடால் அளந்த ஒளி

மேசைமேல் அடங்கும் டயோடு லேசர் எந்திரத்தைப் புதிதாக வாங்கும் கைவினைஞர், பெயர்ப்பலகையோ படமோ வெட்டத் தொடங்குமுன், பிளைவுட் துண்டொன்றில் சிறுசிறு சதுரங்களை வரிசையாகச் சுட்டுப் பார்ப்பது வழக்கமாகியிருக்கிறது. ஒளிக்கற்றையின் வலிமையை அளவுமானியிடம் கேட்காமல் பொருளிடமே கேட்டறியும் இவ்வழக்கத்துக்கு ஏறத்தாழ லேசரின் வயதேதான் வயது.

ஆற்றல் ஏற்றப்பட்ட அணு ஒன்றை ஓர் ஒளித்துகள் கடந்து செல்லும்போது, அந்த அணுவும் அதே அலைநீளத்தில், அதே திசையில் இன்னோர் ஒளித்துகளை உமிழ நேரும் என்பதை ஐன்ஸ்டைன் 1917ஆம் ஆண்டளவில் கோட்பாடாகக் கூறினார். இதுவே 'தூண்டு உமிழ்வு' எனப்படுகிறது. இவ்வாறு பெருகும் ஒளியின் அலைகள் அனைத்தும் ஒன்றோடொன்று ஒத்திசைந்து செல்வதால், தமிழ்க் கலைச்சொல்லாளர் லேசருக்குச் 'சீரொளி' என்று பெயரிட்டனர். வழக்கில் நிலைக்காமற்போனாலும் பொருளைச் சரியாகப் பிடித்த பெயர் அது. கோட்பாடு கருவியாக உருப்பெற்றது 1960ஆம் ஆண்டு மே 16ஆம் நாள், கலிபோர்னியாவின் மாலிபுவில் இருந்த ஹியூஸ் ஆய்வுக்கூடத்தில் தியோடர் மைமன் செயற்கை மாணிக்கக் கோலொன்றைச் சுருள்வடிவ மின்வெட்டு விளக்கின் நடுவே வைத்துச் சிவப்பு ஒளித்துடிப்பை எழுப்பியபோதாகும். அத்துடிப்பின் ஆற்றலை அளக்க எளிய கருவிகள் கையில் இல்லாத அத்தொடக்க ஆண்டுகளில், ஒரே துடிப்பு எத்தனை சவர பிளேடுகளை ஊடுருவித் துளையிடுகிறது என்று எண்ணிப் பார்த்து, அந்த எண்ணிக்கையை 'ஜில்லெட்' என்னும் விளையாட்டான அலகால் ஆய்வாளர்கள் குறிப்பிட்டுவந்தனர். வேடிக்கையாகத் தோன்றினாலும், பட்டறையில் நிற்பவருக்கு வேண்டிய விடையை அந்த அலகு நேராகவே தந்தது.

தொழிற்சாலைகள் விரைவிலேயே லேசரைக் கைக்கொண்டன. மெல்லிய கம்பி இழுப்பதற்கான வைர டைகளில் துளையிடும் வேலைக்கு அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் 1965இல் மாணிக்க லேசரைப் பயன்படுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டில், மகாராட்டிரத்துப் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல், பெல் ஆய்வகத்தில் கரியமில வாயு லேசரை உருவாக்கியிருந்தார். 1967 மே மாதத்தில் இங்கிலாந்தின் பற்றவைப்பு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பீட்டர் ஹோல்ட்கிராஃப்ட், அவ்வகை லேசரின் கற்றையோடு ஆக்சிஜனையும் பீய்ச்சி 1 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட எஃகுத் தகட்டை வெட்டிக்காட்டினார். வெட்டும் தொழில் அதன்பின் நெடுங்காலம் வாயு லேசரின் கையிலேயே இருந்தது.

டயோடு லேசர் வந்த வழி வேறு. வெட்டுவதற்காக அதை எவரும் படைக்கவில்லை என்பதே அதன் வரலாற்றில் சுவையான பகுதி. மின்னோட்டம் பாயும் குறைகடத்திச் சில்லே ஒளியைப் பெருக்கும் இவ்வகையை, 1962 செப்டம்பரில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ராபர்ட் ஹால் காலியம் ஆர்சனைடு கொண்டு இயக்கிக்காட்டினார். ஆயினும் அச்சில்லைத் திரவ நைட்ரஜனில் குளிர்வித்து, துடிப்புத் துடிப்பாகத்தான் இயக்க முடிந்தது. அறை வெப்பநிலையில் இடையறாது ஒளிரும் டயோடு, லெனின்கிராடில் ஷோரெஸ் அல்ஃபெரோவ் குழுவினராலும் பெல் ஆய்வகத்தில் ஹயாஷி, பானிஷ் இருவராலும் 1970இல் எட்டப்பட்டது. அங்கிருந்து அது கண்ணாடி இழைத் தொலைத்தொடர்புக்கும், பின்னர் குறுந்தகட்டுக்கும் சென்றதே தவிர, மரத்தையோ தோலையோ தொடவில்லை.

மரத்தைச் சுடுவதற்கு உகந்த நீல ஒளிக்கு மேலும் கால் நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. பலர் கைவிட்ட காலியம் நைட்ரைடு என்னும் பொருளை விடாது பற்றி, ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் சுஜி நாகமுரா முதலில் பொலிவுமிக்க நீல எல்இடியையும், 1995ஆம் ஆண்டு முடிவில் ஊதா நிற டயோடு லேசரையும் உருவாக்கினார். அப்போதும் நோக்கம் தகட்டில் கூடுதலான தகவலைப் பதிப்பதாகவே இருந்தது. பாதரச விளக்கு வேண்டாத புரொஜெக்டர்களை கேசியோ நிறுவனம் 2010இல் விற்பனைக்குக் கொண்டுவந்தபோதுதான் நிலைமை மாறியது: 445 நானோமீட்டர் அலைநீளத்தில் ஏறத்தாழ 1 வாட் ஒளி தரும் நீல டயோடுகள் அக்கருவி ஒன்றினுள்ளேயே இருபதுக்கு மேல் இருந்தன. தனியாக வாங்குவதைவிடப் புரொஜெக்டரை வாங்கி உடைப்பதே மலிவு என்று கண்ட ஆர்வலர்கள், படம் காட்டப் பிறந்த டயோடுகளைப் பெயர்த்தெடுத்து மரத்தின்மேல் திருப்பினார்கள். கற்றையை நகர்த்துவதற்கான ஆர்டுயினோ மின்பலகையும், அதில் இயங்கும் ஜிஆர்பிஎல் என்ற கட்டற்ற மென்பொருளும் அதற்குள் ஆயத்தமாக இருந்தமையால், மேசை எந்திரம் என்னும் புதிய சரக்கு சில ஆண்டுகளிலேயே சந்தையில் நிரம்பியது.

சந்தை பெருகியதும் எண்கள் குழம்பின. சில்லுக்குள் புகும் மின்சாரத்தின் வாட் அளவு வேறு, வெளிவரும் ஒளியின் வாட் அளவு வேறு. ஏறத்தாழ 5 வாட் ஒளி மட்டுமே தரும் எந்திரங்களின் பெட்டிமேல் 40 என்று அச்சிட்டு விற்றவர்கள் இருந்தனர். ஜில்லெட் அலகு ஒழிந்த இடத்தில் சோதனை அட்டை குடிபுகுந்தது இதனால்தான் எனலாம். மேலிருந்து கீழாக வேகமும், இடமிருந்து வலமாக ஒளியின் விழுக்காடும் படிப்படியாக மாறும்படி பொறிக்கப்படும் அவ்வட்டையின் ஒரு மூலையில் தேநீர்க் கறைபோல மங்கிய சதுரமும், எதிர்மூலையில் கரியாகி விளிம்பு உதிர்ந்த சதுரமும் நிற்க, இடையில் எங்கோ பொன்பழுப்பாகத் தெளிந்து கிடக்கும் ஒன்றிரண்டு கட்டங்களே அப்பலகைக்கு உரிய அளவைத் தெரிவிக்கின்றன. ஒளி புறப்படும் வாய் மிக மெல்லிய நீள்கோடாக அமைந்திருப்பதால், குவிந்த புள்ளியும் வட்டமாக அமையாமல் நீள்சதுரமாகவே விழுகிறது. எனவே ஒரே வேகத்தில் சென்றாலும் குறுக்கு வெட்டும் நெடுக்கு வெட்டும் அகலத்தில் ஒத்திருப்பதில்லை. பிளைவுட்டின் அடுக்குகளுக்கிடையே பசை திரண்டிருக்கும் இடத்தில் கற்றை திணறி நின்றுவிடுவதையும் வெட்டிப் பார்த்தே அறிய முடியும்.

சுட்டுப் பார்க்கவே கூடாத பொருளும் உண்டு. பிவிசி பிளாஸ்டிக் லேசர் பட்டுக் கருகும்போது ஹைட்ரஜன் குளோரைடு வெளியாகி, நுரையீரலைப் புண்படுத்துவதோடு எந்திரத்தின் இரும்பையும் அரிக்கிறது. பெயர் தெரியாத பிளாஸ்டிக் தகடு கைக்கு வந்தால், பழுக்கக் காய்ச்சிய செப்புக் கம்பியால் அதைத் தொட்டு, கம்பியை மறுபடியும் தீயில் காட்ட வேண்டும். சுடர் பச்சையாக எரிந்தால் அதில் குளோரின் இருக்கக்கூடும் என்று கொண்டு தகட்டை விலக்கிவிட வேண்டும். வேதியியலாளர் பைல்ஸ்டைன் 1872இல் வகுத்த அச்சோதனை, லேசரைக் கனவிலும் காணாத காலத்தது.

நிறமற்ற அக்ரிலிக் தகட்டின் கதை இதற்கு நேர்மாறானது. கரியமில வாயு லேசரின் கண்காணா அகச்சிவப்புக் கதிரை அது முழுவதுமாக உறிஞ்சி, மெருகேறிய விளிம்போடு அழகாக வெட்டுப்படுகிறது. நீலக் கற்றையையோ சாளரக் கண்ணாடிபோல வழிவிட்டு அனுப்பிவிடுகிறது. முழு வலிமையோடு பத்து முறை ஓட்டிய பின்னரும் தகட்டில் கீறல்கூட விழாதிருக்க, அதை எடுத்துப் பார்க்கும்போது அடியிலிருந்த மேசைப் பலகையில்தான் வரைந்த உருவம் அச்சுக் குலையாமல் கருகியிருக்கும்.