மயாமியிலிருந்து வாஷிங்டனுக்கு நடந்தே...

2010 ஜனவரி 1. ஊரே புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் இருக்க, அமெரிக்காவின் மயாமி நகரிலிருந்து நான்கு கல்லூரி மாணவர்கள் நடக்கத் தொடங்கினார்கள். போய்ச் சேர வேண்டிய இடம் வாஷிங்டன். தூரம் சுமார் 1,500 மைல்! நால்வரும் சின்ன வயதிலேயே தென் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள். மூவரிடம் அங்கே தங்குவதற்கான சட்டப்படியான ஆவணம் கிடையாது. வழியில் போலீஸ் பிடித்தால் நாடு கடத்தப்படலாம். தெரிந்தேதான் கிளம்பினார்கள்.

ஏன் இந்த நடை? கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1975-ல் டெக்சாஸ் மாநிலம் ஒரு சட்டம் போட்டது. ஆவணமில்லாமல் குடியேறிய பிள்ளைகளின் படிப்புக்கு அரசுப் பணம் கிடையாது என்று. அந்த மாநிலத்து டைலர் என்ற ஊரின் பள்ளி நிர்வாகம் 1977-ல் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தலைக்கு 1,000 டாலர் கட்டணம் என்றது. கூலி வேலை செய்பவர்கள் எங்கே போவார்கள்? நான்கு குடும்பங்கள் கோர்ட்டுக்குப் போயின. அடையாளம் தெரியாமல் இருக்க 'டோ' என்ற புனைபெயரில் வழக்கு. விசாரணையே காலை 6 மணிக்கு! தீர்ப்பு வருமுன் நாடு கடத்திவிட்டால் என்ன செய்வது என்று, ஒரு குடும்பம் காரில் சாமான்களை ஏற்றிக்கொண்டே கோர்ட்டுக்கு வந்தது.

1982 ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் பிள்ளைகள் பக்கம் தீர்ப்பளித்தது. பெற்றோர் செய்ததற்குப் பிள்ளையைத் தண்டிக்கக் கூடாது என்றார் நீதிபதி பிரென்னன். இன்னொரு காரணமும் சொன்னார், காமர்ஸ் படிப்பவர்களுக்குப் பிடிக்கும்: இதில் மிச்சமாகும் காசைவிட, படிப்பில்லாத ஒரு கூட்டத்தை உருவாக்குவதால் வரும் செலவு பெரிது.

ஆனால் அந்த உரிமை பன்னிரண்டாம் வகுப்போடு முடிந்துவிட்டது. அதன் பிறகு மத்திய அரசின் கல்வி உதவி கிடையாது, முறையான வேலையும் கிடையாது. இதைச் சரிசெய்ய 2001-ல் வந்த 'ட்ரீம்' மசோதா நிறைவேறாமலே கிடந்தது.

அந்த நால்வரும் இதைத்தான் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனார்கள். தேவாலயங்களிலும் வீடுகளிலும் தங்கி, கேட்க வந்தவர்களிடம் தங்கள் கதையைச் சொன்னார்கள். ஜார்ஜியாவில் நஹுண்டா என்ற சிற்றூரில் கு கிளக்ஸ் கிளான் ஆட்கள் குடியேறிகளுக்கு எதிராகக் கூட்டம் போட்டார்கள். மாணவர்கள் சுற்றிக்கொண்டு போகவில்லை, அங்கேயே போய் நின்றார்கள். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடுபவர்களும் துணைக்கு வந்தார்கள். வேறு யாருக்கு அந்தக் கூட்டத்தைப் பற்றி அவ்வளவு தெரியும்?

மே மாதம் வாஷிங்டனில் நடை முடிந்தது. டிசம்பர் 18-ல் செனட்டில் மசோதாவுக்கு 55 ஓட்டு கிடைத்தது. தேவைப்பட்டது 60.

2012 ஜூன் 15 அன்று (அந்தத் தீர்ப்பு வந்து சரியாக 30 வருடம்) அதிபர் ஒபாமா, சிறுவயதில் வந்தவர்களை நாடு கடத்தாமல் வேலை செய்ய அனுமதிக்கும் திட்டத்தை அறிவித்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். குடியுரிமை மட்டும் அதில் இல்லை.