‘அவர்’ என்றும் ‘அவன்’ என்றும்: பிரிக்பீல்ட்ஸ் தமிழ்ச் சபைகளும் கடைசிக்காலப் போதனையும்

கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ப் பெந்தெகொஸ்தே சபைகளிலும் எழுப்புதல் கூட்டங்களிலும் கடைசிக்காலம் ஒரு குறிப்பிட்ட வரிசையில் போதிக்கப்படுகிறது. முதலில் இரகசிய வருகை, சபை எடுத்துக்கொள்ளப்படும். பிறகு அந்திக்கிறிஸ்து எழும்பி இஸ்ரவேலோடு ஏழு வருஷ உடன்படிக்கை செய்வான். பாதியில் அதை முறிப்பான். மகா உபத்திரவம் தொடங்கும். ஏழு வருஷம் முடிந்தபின் பகிரங்க வருகை, அதையடுத்து ஆயிரவருஷ அரசாட்சி. இந்த வரிசையைத் தாங்கி நிற்பவை முக்கியமாக இரண்டு வசனங்கள்: தானியேல் 9:27, இரண்டாம் தெசலோனிக்கேயர் 2:7. போதிப்பவர் கையிலுள்ள தமிழ் வேதாகமம் இந்த இரண்டு இடங்களிலும் போதனைக்கு எதிராக நிற்கிறது. விளக்கவுரையால் அல்ல, வினைமுற்றின் விகுதியாலும் பெயரின் ஈற்றாலும்.

மொழிபெயர்ப்பே நம்பிக்கையை உருவாக்குகிறது என்பது வேத மொழிபெயர்ப்பு பற்றிய ஆய்வுகளில் அடிக்கடி கேட்கும் கூற்று. தமிழின் நிலை அத்தனை நேரானது அல்ல. சில இடங்களில் திருப்புதல் நம்பிக்கைக்கு வழி திறந்திருக்கிறது. மிக முக்கியமான இரண்டு இடங்களில் திருப்புதல் ஒன்று சொல்ல, பிரசங்கம் வேறொன்று சொல்ல, கேட்பவர் பிரசங்கத்தையே வேதமாக ஏற்றிருக்கிறார். இது எப்படி நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இந்தக் கேள்விக்குக் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பொருத்தமான களம். இரயில்வே வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்தாரும் தமிழகத்தாரும் குடியேறிய இந்தப் பேட்டையில் சீயோன் லுத்தரன் ஆலயம், தமிழ் மெதடிஸ்ட் ஆலயம், கத்தோலிக்கரின் பாத்திமா அன்னை ஆலயம் ஆகியவை நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. ஒரே குடும்பத்தில் மாமியார் லுத்தரன் ஆராதனைக்கும், மருமகள் பெந்தெகொஸ்தே கூட்டத்துக்கும் போவது இங்கே புதுமையல்ல. பிள்ளைகள் ஆங்கில வேதாகமத்தைக் கைப்பேசியில் வாசிக்கிறார்கள். ஆக, ஒரே வசனம் ஒரே வீட்டில் இரண்டு மூன்று வடிவங்களில் புழங்குகிறது.

சீர்திருத்தச் சபைகளில் பெரும்பாலோர் கையில் இருப்பது ‘பழைய திருப்புதல்’ என்று அறியப்படும் ஐக்கியத் திருப்புதல். தரங்கம்பாடியில் சீகன்பால்க் 1714-15இல் அச்சிட்ட புதிய ஏற்பாடு, வேப்பேரியில் பப்ரிசியுஸ் 18ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் செய்துமுடித்த முழு வேதாகமம், திருநெல்வேலி இரேனியுஸின் புதிய ஏற்பாடு, யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் ஆறுமுக நாவலர் துணையோடு செய்து 1850இல் வெளியான திருப்புதல் ஆகியவற்றுக்குப் பிறகு, ஹென்றி பவர் தலைமையில் சென்னையாரும் யாழ்ப்பாணத்தாரும் உடன்பட்டு 1871இல் நிலைபெற்ற நூல் அது. லுத்தரன் சபையார் மட்டும் நெடுங்காலம் பப்ரிசியுஸை விட்டுக்கொடுக்கவில்லை. கத்தோலிக்கர் கையில் 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இருக்கிறது.

இனி தானியேல் 9:27. ஒரு வாரம் அநேகரோடு உடன்படிக்கையை உறுதிப்படுத்தி, வாரத்தின் பாதியில் பலியை ஒழிப்பது யார்? எபிரெய மூலத்தில் தனிப் பெயர்ச்சொல்லோ பிரதிப்பெயரோ இல்லை. ஆண்பால் ஒருமை வினை மட்டும் நிற்கிறது. முந்தின வசனத்தில் கொலையுண்ட மேசியாவும் வருகிறார், நகரத்தை அழிக்கும் ஜனங்களின் பிரபுவும் வருகிறான். வினை யாரைச் சேரும் என்பதில் தொடக்கம் முதலே ஒருமித்த கருத்து இல்லை. எரோணிமுஸ் தம் தானியேல் விளக்கவுரையில் பலருடைய கருத்துகளை வரிசைப்படுத்திவிட்டுத் தீர்ப்புச் சொல்லாமல் விலகிக்கொண்டார். கால்வின் வழி வந்தோர் கிறிஸ்து என்றனர்: தம் மரணத்தால் பலிகளை முடித்துவைத்தவர் அவரே. இக்கால வரலாற்று ஆய்வாளர் பலர் கிறிஸ்துவுக்கு முன் 2ஆம் நூற்றாண்டில் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்திய நான்காம் அந்தியோகுவைக் காண்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பியும் அவர் வழி வந்தோரும், இனி வரப்போகும் அந்திக்கிறிஸ்து என்றனர். அந்த ஒரு வாரத்தை இனி வரும் ஏழு வருஷமாக எண்ணும் கணக்கு அந்தக் கடைசி வாசிப்பிலிருந்தே பிறக்கிறது.

ஆங்கிலத்தில் இந்த வினைக்கு முன் ஒரு சாதாரணப் பிரதிப்பெயர் போதும். அதற்கு மரியாதையும் இல்லை, அவமரியாதையும் இல்லை. தமிழில் அந்த வசதி கிடையாது. ‘ஒழியப்பண்ணுவார்’ என்றோ ‘ஒழியப்பண்ணுவான்’ என்றோ எழுதித்தான் ஆகவேண்டும். அந்தியோகு என்று வாசிப்பவரும் அந்திக்கிறிஸ்து என்று வாசிப்பவரும் ‘அவன்’ என்றே எழுதுவார்கள். பழைய திருப்புதல் எழுதுவது ‘அவர்’, வினைமுற்று ‘-ஆர்’.

இது தற்செயலான மரியாதை என்று தள்ளிவிட முடியாது. பழைய திருப்புதலில் படர்க்கையில் மரியாதை விகுதி தேவனுக்கும் கிறிஸ்துவுக்கும் பரிசுத்த ஆவியானவருக்கும் உரியது. ராஜாக்களை நேரில் விளிக்கும்போது ‘நீர்’ வரும்; அவர்களைப் பற்றிச் சொல்லும்போது நேபுகாத்நேச்சாரும் தாவீதும் ஒன்றுபோல ‘சொன்னான்’தான். இதே 9:27ஐ விகுதிகளை மட்டும் கவனித்து வாசித்துப் பாருங்கள். உடன்படிக்கை செய்பவருக்கு ‘-ஆர்’. அடுத்துப் பாழாக்க வருகிறவனுக்கு ‘-ஆன்’. இவ்வளவையும் எடுத்துச் சொல்லும் காபிரியேல் தூதனுக்கே வசன முடிவில் ‘என்றான்’. ஒரே வசனத்துக்குள் மூவர், மூவருள் ஒருவருக்கு மட்டும் மரியாதை. உடன்படிக்கை செய்பவர் மேசியா என்று திருப்புதல்காரர் தீர்மானித்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மலேசியாவில் பரவலாகப் புழங்கும் இந்தோனேசிய ‘தெர்ஜெமாஹான் பாரு’ திருப்புதல் அதே இடத்தில் பிரதிப்பெயரை விட்டுவிட்டு ‘அந்த ராஜா’ என்ற பொருளில் பெயர்ச்சொல்லையே போட்டு எதிர்ப்பக்கம் சாய்கிறது. பக்கத்துப் பேட்டையில் மலாய் பேசும் சபா மாநிலத்துக் கிறிஸ்தவரும் நம் தமிழ்க் கிறிஸ்தவரும் ஒரே வசனத்தில் இருவேறு ஆட்களைச் சந்திக்கிறார்கள்.

தெசலோனிக்கேயர் வசனத்தில் நிலைமை தலைகீழ். பாவமனுஷன் வெளிப்படாதபடி தடுத்துக்கொண்டிருப்பது எது, யார்? கிரேக்கத்தில் 6ஆம் வசனத்தில் அஃறிணை, 7ஆம் வசனத்தில் ஆண்பால். தெர்த்துல்லியன் ரோம அரசு என்றார். அகுஸ்தீன் தமக்கு விளங்கவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். இரகசிய வருகைப் போதனையில் அது சபைக்குள் வாசம்பண்ணும் பரிசுத்த ஆவியானவர்: சபை எடுக்கப்படும்போது அவரும் விலகுவார், அந்திக்கிறிஸ்துவுக்கு வழி திறக்கும். பழைய திருப்புதலோ ‘தடைசெய்கிறவன்’ என்கிறது. ஆவியானவரை ஒருபோதும் ‘அவன்’ என்று சொல்லாத நூல் இது. ஆகவே போதனை நிற்க வேண்டுமானால், தானியேலில் உள்ள ‘அவர்’ ‘அவன்’ ஆகவேண்டும். தெசலோனிக்கேயரில் உள்ள ‘-அவன்’ ‘-அவர்’ ஆகவேண்டும். பிரசங்கத்தில் நடப்பதும் இதுதான். வசனம் ‘அவர்’ என்று வாசிக்கப்படும். அடுத்த மூச்சில் விளக்கம் ‘அவன் ஏழு வருஷத்துக்கு ஒப்பந்தம் பண்ணுவான்’ என்று தொடரும். சபையில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

திரும்பிப் பார்க்காததற்கு ஒரு காரணம் அச்சடித்த பக்கத்திலேயே இருக்கிறது. 1804இல் இலண்டனில் தொடங்கிய வேதாகமச் சங்கம் குறிப்போ விளக்கமோ இன்றி வேதாகமத்தை வெளியிடுவதை விதியாகக் கொண்டது. வெவ்வேறு சபையார் ஒரே நூலை ஏற்க அந்த விதி உதவியது. அதற்காக அதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அதன் விளைவாகத் தமிழ் வேதாகமத்தின் பக்க ஓரம் வெறுமையாக வந்தது. மறுபுறம் 1909இல் ஆக்ஸ்போர்டு அச்சகம் வெளியிட்ட ஸ்கோபீல்டு வேதாகமத்தில் டார்பி வழிப் போதனை வசனத்தின் அடியிலேயே குறிப்பாக அச்சாகி வந்தது. கிளாரன்ஸ் லார்கின் 1918இல் வெளியிட்ட காலவரைபடங்கள் அதையே கோடும் வட்டமுமாக வரைந்து காட்டின. ஒரு பக்கம் குறிப்பே இல்லாத தமிழ் நூல், மறுபக்கம் குறிப்போடு வந்த ஆங்கில நூல். தமிழ்ப் பக்கத்தின் வெற்றிடத்தை ஆங்கிலக் குறிப்பு நிரப்பியது.

அது நிரம்பிய வழிகளுள் வலுவானது மேடை மொழிபெயர்ப்பு. ஆங்கிலப் பிரசங்கியார் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார். பக்கத்தில் நிற்பவர் அதே வேகத்தில் தமிழில் சொல்வார். அவருக்கு யோசிக்க நேரமில்லை. ஆங்கிலப் பிரதிப்பெயர் காதில் விழுந்ததும் ‘அவர்’, ‘அவன்’ இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்; பேச்சு அந்திக்கிறிஸ்துவைப் பற்றியது, ஆகவே ‘அவன்’. பவரின் குழு பல ஆண்டுகள் கூடிப் பேசி எடுத்த முடிவை, ஒலிபெருக்கி முன் நிற்கும் ஓர் இளைஞர் அரை நொடியில் மாற்றிவிடுகிறார். தாம் மாற்றியது அவருக்கே தெரியாது. தமிழ்ச் சபைகளின் கடைசிக்கால நம்பிக்கையை ஆராய்பவர்கள் அச்சான திருப்புதல்களோடு இந்த வாய்மொழித் திருப்புதலையும் ஆவணமாகக் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

திருப்புதலே வழி திறந்த இடங்களும் உண்டு. கிரேக்க முன்னொட்டை அப்படியே ஒலிபெயர்த்து ‘அந்திக்கிறிஸ்து’ என்று எழுதினார்கள். தமிழ்க் காதில் அது ‘எதிர்’ என்று விழுவதில்லை. அந்திப்பொழுதாகவும் அந்தியகாலமாகவும் விழுகிறது. யோவானின் நிருபங்களில் அச்சொல் அப்போதே இருந்த பலரையும் குறிக்கிறது. வெளிப்படுத்தின விசேஷத்தில் அச்சொல்லே இல்லை. ஆனாலும் தமிழில் அது காலத்தின் முடிவில் வரும் ஒருவனின் பெயராக உறைந்துவிட்டது. திருவிவிலியத்தின் ‘எதிர்க் கிறிஸ்து’ இந்த மயக்கத்தைத் தவிர்க்கிறது.

மத்தேயு 24:34இல் ‘இந்தச் சந்ததி’ என்பது இன்னும் கனமான இடம். அதே கிரேக்கச் சொல்லை மத்தேயு முதல் அதிகாரத்தின் வம்ச அட்டவணையில் பழைய திருப்புதல் ‘தலைமுறை’ என்கிறது. ‘சந்ததி’யோ ஆபிரகாமுக்கு வாக்களிக்கப்பட்ட வித்துக்கும் வரும் சொல். ஆகவே இயேசுவின் காலத்தவரைச் சுட்டிய சொல் தமிழில் யூத குலத்தைச் சுட்டுவதாகக் கேட்கிறது. ஸ்கோபீல்டின் குறிப்பும் குலம் என்றே பொருள் கொண்டது. இரண்டும் தற்செயலாக ஒத்துப்போயின. 1970இல் ஹால் லிண்ட்சே தம் நூலில் 1948இன் இஸ்ரவேல் அரசை அதே அதிகாரத்தில் வரும் அத்திமரத்தின் துளிராக எடுத்து அங்கிருந்து ஒரு தலைமுறையை எண்ணினார். அந்தக் கணக்கு தமிழ் மேடைக்கு வந்தபோது வசதி இரட்டிப்பானது: இஸ்ரவேலைச் சொல்ல ‘சந்ததி’, வருஷத்தை எண்ண ‘தலைமுறை’.

‘இரகசிய வருகை’ என்ற தொடர் பழைய திருப்புதலில் எங்கும் இல்லை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தில் பவுல் அறிவிப்பதாகச் சொல்லும் ‘இரகசியம்’ மட்டும் இருக்கிறது. வைணவ ரகசிய நூல்களைப் போல ஆழ்ந்த பொருள் என்று கொள்ளவும் அச்சொல்லில் இடமுண்டு. திருவிவிலியம் ‘மறைபொருள்’ என்று அதைத்தான் தேர்ந்துகொண்டது. அன்றாடப் பேச்சிலோ இரகசியம் என்றால் பிறர் அறியாதது. அந்தப் பொருள் வருகையோடு ஒட்டிக்கொண்டது. தெசலோனிக்கேயருக்கான முதல் நிருபம் அதே வருகையை ஆரவாரத்தோடும் எக்காளத்தோடும் விவரிக்கிறது என்பதை இந்த ஒட்டு மறைத்துவிடுகிறது.

இதற்கு எதிராக ஒரு வாதம் எழும்: சொல்லே நம்பிக்கையை ஆளுமானால், ஒரே திருப்புதலை வாசிக்கும் லுத்தரனும் பெந்தெகொஸ்தேயும் ஏன் வேறுபடுகிறார்கள்? நியாயமான கேள்வி. லுத்தரன் சபைக்கு 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் அறிக்கை இருக்கிறது. உயிர்த்தெழுதலுக்கு முன் பக்தர்கள் பூமியை ஆளுவார்கள் என்ற எண்ணத்தை அதன் 17ஆம் பிரிவு நிராகரிக்கிறது. அந்த அறிக்கை அவர்களுக்குப் பக்க ஓரக் குறிப்பாகப் பயன்படுகிறது. 1920களில் இலங்கையில் தோன்றி மலாயாவுக்கும் வந்த சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் போன்ற இயக்கங்களுக்கு அப்படியொரு பழைய அறிக்கை இல்லை. வருகையின் அவசரமே அவர்கள் ஊழியத்தின் உயிர். அந்த அவசரத்தை நான் மதிக்கிறேன். சொத்தையும் குடும்பத்தையும் துறந்து வெள்ளுடை உடுத்தி ஊழியத்துக்கு வந்தவர்களை அது தாங்கியிருக்கிறது. ஆனால் வருகையை எதிர்நோக்குவதற்கு ஏழு வருஷக் கணக்கு தேவையில்லை. பவுலுக்கு அது தேவைப்படவில்லை.

புதிய திருப்புதல்கள் இந்தச் சிக்கலைத் தாமே தீர்த்துவிடும் என்று எதிர்பார்க்க இயலாது. திருவிவிலியம் ஆபிரகாம், மோசே உள்ளிட்ட மனிதர்க்கும் ‘-ஆர்’ விகுதியைத் தாராளமாகத் தருகிறது. இக்காலத் தமிழ் நடைக்கு அது பொருந்தும். ஆயினும் தெய்வத்தையும் மனிதரையும் பிரித்துக்காட்டிய பழைய அடையாளம் அதனால் மங்கிப்போகிறது. எளிய நடையில் வரும் பிற பதிப்புகளும் இதே தெரிவை எதிர்கொண்டாக வேண்டும். விகுதியை எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒரு வாசிப்பு அடைபடும். தமிழில் நடுநிலையான வினைமுற்று இதற்கு இல்லை.

ஆகவே திருத்தப் பதிப்புகள் தயாரிப்போர் முன் ஒரு கோரிக்கையை வைக்கிறேன். தானியேல் 9:27இன் அடியில் ‘மூலத்தில் எழுவாய் வெளிப்படையாக இல்லை, மேசியா என்றும் வருகிற பிரபு என்றும் வாசிப்பதுண்டு’ என்று ஒரு வரி போதும். தெசலோனிக்கேயர் வசனத்தில் ‘மூலத்தில் மரியாதை வேறுபாடு இல்லை’ என்றும், மத்தேயு 24:34இல் ‘அல்லது, தலைமுறை’ என்றும் அச்சிடலாம். இவை எந்தச் சபையின் உபதேசத்தையும் தாங்கிப் பேசாத குறிப்புகள். வேதாகமச் சங்கத்தின் பழைய விதியின் நோக்கத்துக்கும் இவை முரணாகா. அதுவரை பிரிக்பீல்ட்ஸ் வேதபாட வகுப்புகளில் பழைய திருப்புதல், திருவிவிலியம், பிள்ளைகளின் ஆங்கிலப் பதிப்பு, இயன்றால் மலாய் வேதாகமம் என நான்கையும் மேசைமேல் விரித்துவைத்து, தானியேல் 9:27ஐ ஆளுக்கொன்றாக உரக்க வாசிக்கலாம்.