திருப்புமுனையா, அச்சு முறிந்த இடமா?

எங்கட வரலாற்றுக் கட்டுரைகளில் 'திருப்புமுனை' என்ற சொல்லுக்கு ஓய்வே இல்லை. 1948 திருப்புமுனை, 1956 திருப்புமுனை, 1972, 1976, 1981, 1983 எல்லாமே திருப்புமுனை. இத்தனை தரம் திரும்பியிருந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்திருப்பம்.

ஆங்கிலத்தில் டேர்னிங் பொயின்ட், டிப்பிங் பொயின்ட் என்று இரண்டு சொல் இருக்கு. நாங்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒரே சொல்லால் எழுதிவிடுகிறம். முதலாவது, வண்டி பாதை மாறுகிற இடம். வேற பாதையும் இருந்தது, ஆனால் ஒருவர் திருப்பினார். இரண்டாவது, சேர்ந்துகொண்டே வந்த பாரம் ஒரு கட்டத்தில் தாங்காமல் சாய்கிற இடம். 1950களில் அமெரிக்க அரசியல் அறிஞர் மோர்ட்டன் குரோட்சின்ஸ், கறுப்பினக் குடும்பங்கள் ஒரு அளவுக்கு மேல் குடிவந்ததும் வெள்ளையர்கள் கூட்டமாக வெளியேறியதை விளக்க இந்தச் சொல்லைக் கையாண்டார். வள்ளுவருக்கு இது பழைய கதை. ஏற்றுவது மயிலிறகுதான் என்றாலும் அளவு மிஞ்சினால் வண்டியின் அச்சு முறியும் என்று 475ஆம் குறளிலேயே சொல்லிவிட்டார்.

1958 ஏப்ரல் சந்தேகமில்லாமல் திருப்புமுனை. முந்தைய வருடம் ஜூலை 26இல் கைச்சாத்தான பண்டா–செல்வா ஒப்பந்தம் கையில் இருந்தது. பிராந்திய சபைகள், வடக்குக் கிழக்கில் தமிழில் நிர்வாகம் என்று நடக்கக்கூடிய ஒரு பாதை. பிக்குகள் பிரதமரின் வீட்டு வாசலில் வந்து குந்தினார்கள், பண்டாரநாயக்க ஒப்பந்தத்தைக் கைவிட்டார். அடுத்த மாதமே கலவரம். யார் திருப்பினது என்று பெயர் சொல்லலாம்.

1983 ஜூலை? அது டிப்பிங் பொயின்ட் என்றுதான் நான் முதலில் நினைச்சன். தனிச் சிங்களச் சட்டம், தரப்படுத்தல், 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம், 1981இல் எரிந்த யாழ் நூலகம் என்று பாரம் ஏறிக்கொண்டே வந்தது. ஜூலை 23 திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட, அச்சு முறிந்தது.

ஆனால் யோசிச்சுப் பாருங்கோ. சிங்கள மக்களின் கோபம் தானாகப் பொங்கியது என்று அன்றைய ஆட்சியாளர்கள் சொன்ன விளக்கமும் கிட்டத்தட்ட இதுதான். அச்சு முறிந்தது என்று மட்டும் எழுதினால் வண்டிக்காரன் காணாமல் போய்விடுகிறான். கொழும்பில் தமிழரின் வீடு தேடிப் போனவர்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. தானாகப் பொங்குகிற கோபம் பட்டியல் பார்த்துக் கதவு தட்டுமா?

பாரம் இருந்தது உண்மை. அதைத் தள்ளிவிட்ட கைகளும் இருந்தன. இரண்டு வாரம் கழித்து, ஓகஸ்ட் 8ஆம் திகதி வந்த ஆறாவது திருத்தத்தைப் பற்றி எங்கட கட்டுரைகள் ஒரு வரியில் கடந்துபோகும். எனக்கு அதுதான் அந்த வருடத்தின் திருப்புமுனை. தனிநாடு கோருவதில்லை என்று சத்தியம் செய்யச் சொன்ன அந்தச் சட்டத்துக்கு இணங்காமல், 1977இல் தமிழர் வாக்குப் போட்டு அனுப்பிய கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள்.