கரண்ட் போனாலும் பேசின போன்

கரண்ட் போனா கம்ப்யூட்டர் அணைஞ்சிடும், ஆனா மேஜை மேல இருந்த பழைய போன் மட்டும் பேசும். கவனிச்சிருக்கீங்களா? எக்ஸ்சேஞ்சில இருக்கிற பேட்டரியிலிருந்து 48 வோல்ட் அதே செம்புக் கம்பியில வந்துடும்.

2006ல் எங்க ஆபீஸ் போன்களை நெட்வொர்க்கோட இணைச்சப்ப இது யாருக்கும் உறைக்கலை. ஒருநாள் கரண்ட் கட். அந்த நேரம் பார்த்து ஒருத்தருக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸைக் கூப்பிட போனை எடுத்தா, ஊமை! நல்லவேளை, செல்போன் காப்பாத்துச்சு.

சரி, வரலாற்றுக்கு வருவோம். 1995ல் இஸ்ரேலின் வோகல்டெக் நிறுவனம் இணையம் வழியா பேசுற மென்பொருளை வெளியிட்டது. 1998ல் ஐபி போன் செய்துவந்த செல்சியஸ் நிறுவனத்தை சிஸ்கோ வாங்கியது. ரெண்டு ஒயர் எதுக்கு, ஒண்ணே போதும், செலவு மிச்சம்னாங்க.

ஆனா மெயில் ரெண்டு செகண்ட் லேட்டா வந்தா யாருக்கும் தெரியாது. பேச்சு அரை செகண்ட் லேட்டானாலே ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசி முட்டிக்குவாங்க. அதனால சுவிட்சுகள் குரலுக்கு வழிவிடக் கத்துக்க வேண்டியிருந்தது.

கரண்ட் சிக்கலுக்கு 2003லேயே 802.3ஏஎஃப் தரம் வந்தாச்சு: நெட்வொர்க் கேபிள்லயே மின்சாரம், கிட்டத்தட்ட அதே 48 வோல்ட்! அந்த சுவிட்சுக்கு விலை கூடன்னு எங்க ஆபீஸ் வாங்கலை. வாங்கினாலும் அதுக்குப் பின்னாடி யூபிஎஸ் இல்லாட்டி போன் ஊமைதான்.

பழைய ஆளுங்க எக்ஸ்சேஞ்சில பேட்டரிக்குன்னே தனி ரூம் கட்டினது சும்மா இல்லீங்க :)