கடலூர் பாக்கெட்

பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டுக்குச் சொந்த ஊர் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், கடலூரைத்தான் சொல்ல வேண்டும். இன்று பெரிய பெரிய நிறுவனங்களெல்லாம் போட்டி போட்டுக்கொண்டு விற்கும் அந்தச் சிறு பொதிக்கு வழி திறந்தது, அங்கே மருந்தும் அழகுசாதனப் பொருட்களும் தயாரித்துவந்த ஒரு குடும்பம்.

1970-களின் தமிழகத்தில் தலைக்குக் குளிப்பது என்றால் சீயக்காய், இல்லாவிட்டால் அரப்பு. ஆண்களுக்குச் சனிக்கிழமை, பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்று நாள் கணக்கும் உண்டு. ஷாம்பு அப்போதும் இருந்தது. ஆனால் பாட்டிலில் இருந்தது, நகரத்து ஃபேன்ஸி ஸ்டோர்களில் இருந்தது. கூலி வேலை செய்பவர் அந்தக் கடைப் படியேற வேண்டிய தேவையே வராது.

அவர் போனது மளிகைக்கடைக்கு. சாயங்காலம் கூலிக் காசு கைக்கு வந்ததும் அன்றைய சமையலுக்கு வேண்டிய புளி, மிளகாய், பருப்பைப் பொட்டலமாகக் கட்டி வாங்குவார். எண்ணெய்க்கு வீட்டிலிருந்தே குப்பி கொண்டுபோவார். மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் போட்டு மொத்தமாக வாங்குவது சம்பளக்காரர்களுக்குத்தான் கட்டுப்படியாகும். தினமும் சம்பாதித்துத் தினமும் செலவழிக்கும் குடும்பத்துக்கு பாட்டில் எவ்வளவு மலிவானாலும் எட்டாத பொருள்தான். ஷாம்பு விற்ற கம்பெனிகள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

போட்டுப் பார்த்தவர் சின்னி கிருஷ்ணன். விவசாயக் குடும்பத்துக்காரர். மருந்துகளைப் பொதி செய்யும் சிறுதொழிலில் தொடங்கி, தாமே மருந்தும் அழகுசாதனப் பொருட்களும் தயாரிக்கும் நிலைக்கு வளர்ந்தவர். டால்கம் பவுடர் தகர டப்பாவில் மட்டும் கிடைத்த காலத்தில் அதை 100 கிராம், 50 கிராம், 20 கிராம் என்று பிரித்து விற்றார். பேதி உப்பையும் சிறு பாக்கெட்டில் கொடுத்தார். வசதியானவர்கள் வாங்கும் பொருள் கூலித் தொழிலாளிக்கும் ரிக்‌ஷாக்காரருக்கும் எட்ட வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. பவுடருக்குச் செய்ததைத் திரவத்துக்கும் செய்யலாம் என்ற எண்ணத்திலிருந்து பிறந்ததுதான் ஷாம்பு பாக்கெட்.

யோசனை இருந்தது, பொருளும் இருந்தது, ஆனால் வியாபாரம் எழவில்லை. ஒரு புதுமையை முடித்த கையோடு அப்பா அடுத்ததற்குப் போய்விடுவார், செய்ததைச் சந்தையில் கொண்டுசேர்க்கும் வழியை யோசிக்க மாட்டார் என்று அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் பின்னாளில் பேட்டியில் சொல்லியிருக்கிறார். அந்த மகன் கல்லூரியில் அடியெடுத்து வைத்த நேரத்தில் சின்னி கிருஷ்ணன் காலமானார்.

மூத்த மகன்கள் அப்பாவின் யோசனையை ‘வெல்வெட்’ ஷாம்புவாகக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். புதுப் பொருள் என்பதால் அது நன்றாகவே ஓடியது. அந்தத் தொழிலில் சேர்ந்த ரங்கநாதனுக்கு அண்ணன்மாரோடு கருத்து ஒத்துப்போகவில்லை. சொத்தில் பங்கு கேட்காமல் வெளியே வந்தபோது கையிலிருந்தது 15,000 ரூபாய். 1983-இல் கடலூரிலேயே ‘சிக் இந்தியா’வைத் தொடங்கினார். மாதம் 250 ரூபாய் வாடகையில் ஒரே இடத்தில் வீடும் அலுவலகமும், 300 ரூபாய் வாடகையில் தொழிற்கூடம், 3,000 ரூபாய்க்கு பாக்கெட் போடும் மிஷின். ‘சிக்’ என்ற பெயர் அப்பாவின் பெயரிலிருந்து எடுத்தது.

முதல் மாதம் விற்றது சுமார் 20,000 பாக்கெட். அடமானம் வைக்க ஒன்றுமில்லாததால் வங்கிக் கடன் கிடைக்கவே 3 ஆண்டுகள் ஆயின. முதலில் வந்த கடன் 25,000 ரூபாய். ஈடு காட்ட முடியாவிட்டாலும் இந்தச் சிறு தொழிற்கூடம் வருமான வரியை ஒழுங்காகக் கட்டுகிறது என்பதைக் கவனித்து, அதையே தகுதியாக எழுதினார் வங்கி மேலாளர்.

எதிரே நின்றது வெல்வெட். அதை ஊரெங்கும் கொண்டுசேர்த்தது கோத்ரெஜ். விளம்பரத்தில் அதோடு மோதும் அளவுக்கு சிக்கிடம் பணம் கிடையாது. ஆகவே, ஷாம்புவே பழகாத கிராமங்களைத் தேடிப் போனார்கள். ஊர் நடுவில் ஒரு சிறுவனை உட்காரவைத்து, எல்லோரும் பார்க்க அவன் தலைக்கு ஷாம்பு போட்டு அலசிக் காட்டினார்கள். கூடியிருந்தவர்களை அவன் முடியைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்கச் சொன்னார்கள். ரஜினிகாந்த் படங்களைத் தங்கள் செலவில் திரையிட்டு, நடுவே விளம்பரம், பிறகு செயல்விளக்கம், வந்தவர்களுக்கு இலவச பாக்கெட் என்று தமிழகத்திலும் ஆந்திரத்திலும் சுற்றினார்கள். ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் விற்பனை மூன்று நான்கு மடங்கு ஏறியது என்பது ரங்கநாதனின் கணக்கு.

சீயக்காய் தேய்த்துப் பழகிய கைக்கு ஷாம்புவை எவ்வளவு எடுப்பது, எப்படித் தேய்ப்பது, எத்தனை முறை அலசுவது என்று தெரியாது. வெயிலில் நின்று சம்பாதித்த காசைத் தெரியாத பொருளில் போட்டுப் பார்க்க யாருக்கும் மனம் வராது. அந்தத் தயக்கத்தைக் கம்பெனி தன் செலவில் தீர்த்துவைத்தது. அப்பா விட்டுப்போன வேலை இதுதான்.

அடுத்து வந்த திட்டம் இன்னும் கூர்மையானது. எந்தக் கம்பெனி ஷாம்புவாக இருந்தாலும் சரி, 5 காலி பாக்கெட் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். வெல்வெட் வாங்கிக்கொண்டிருந்தவர் வீட்டுக்கும் சிக் இப்படி நுழைந்தது. பழக்கம் படிந்ததும் விதியை மாற்றினார்கள். சிக்கின் காலி பாக்கெட்டுக்கு மட்டுமே இலவசம் என்றார்கள். மக்கள் பெயர் சொல்லிக் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சத்தைத் தொட்டது. தலையில் பூ வைப்பது அன்றாட வழக்கமான ஊர்களில் மல்லிகை, ரோஜா வாசனையோடு ஷாம்பு வந்தபோது அது 30 லட்சமாயிற்று. நடிகை அமலா விளம்பரத்தில் தோன்றிய பிறகு மாதம் ஒரு கோடி ரூபாய்.

1998-இல் ‘கவின்கேர்’ என்று பெயர் மாறிய அந்த நிறுவனம், 50 பைசாவுக்கும் சிக் பாக்கெட் விற்றது. முதலில் பாட்டிலோடு நின்றிருந்த பன்னாட்டு நிறுவனங்களும் பெட்டிக்கடையைத் தேடி வந்திருந்தன. சி.கே. பிரகலாத், கோவையில் பிறந்த மேலாண்மைப் பேராசிரியர், வருமானத்தின் அடித்தட்டில் இருப்பவர்களை வாடிக்கையாளர்களாக மதிக்கச் சொல்லி 2004-இல் வெளியிட்ட நூல் உலகெங்கும் பேசப்பட்டது. அதில் அவர் எடுத்துக்காட்டியவற்றில் ஒருமுறைப் பயன்பாட்டுப் பொதியும் ஒன்று. கடலூர்க்காரர்கள் அதை 20 ஆண்டுகளுக்கு முன்பே கடையில் தொங்கவிட்டிருந்தார்கள்.

இந்த வெற்றி ஒரு கடனையும் விட்டுச் சென்றிருக்கிறது. பல அடுக்குப் படலத்தால் ஆன பாக்கெட்டை மறுசுழற்சி செய்வது கடினம். எடையே இல்லாத அதைப் பழைய பேப்பர் கடைக்காரரும் வாங்குவதில்லை. ஆற்றங்கரையிலும் குளத்துப் படித்துறையிலும் கிழித்துப் போட்ட பாக்கெட்டுகள் குவிந்து கிடக்கின்றன. பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், 2016, அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர் தலையில் வைக்கின்றன.

அதற்கான வழியை இந்தத் தொழில் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. 5 காலி பாக்கெட்டுக்கு ஒரு பாக்கெட் என்றதும் மக்கள் தேடிப் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாடிக்கையாளரைப் பிடிக்கப் பயன்பட்ட அந்தத் திட்டத்தை, இந்த முறை எல்லாக் கம்பெனிகளும் சேர்ந்து, குப்பையைத் திரும்பப் பெறுவதற்காக மறுபடியும் கொண்டுவர வேண்டும்.