15 ரூபாய் அபராதம்



பங்களாதேஷ் உருவாகக் காரணமான ஷேக் முஜிபுர் ரஹ்மான் சட்டப் படிப்பை ஏன் முடிக்கவில்லை தெரியுமா? படிப்பு ஏறாததால் அல்ல. 15 ரூபாய் அபராதம் கட்ட மறுத்ததால்!

1947 பிரிவினைக்குப் பிறகு டாக்கா, கிழக்கு வங்காளத்தின் தலைநகரானது. 1921-ல் தொடங்கிய டாக்கா பல்கலைக்கழகம்தான் அங்கே பெரிய கல்வி நிறுவனம். ஆனால் அதன் கடைநிலை ஊழியர்கள் கைக்கும் வாய்க்கும் எட்டாத சம்பளத்தில் வேலை பார்த்தார்கள். 1949 மார்ச் மாதத் தொடக்கத்தில் அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மாணவர்கள் பலர் அவர்கள் பக்கம் நின்றார்கள். அவர்களில் ஒருவர்தான் சட்ட மாணவரான முஜிப்.

நிர்வாகம் என்ன செய்தது? அந்த மாதம் முடிவதற்குள் 27 மாணவர்கள் மீது நடவடிக்கை எடுத்தது. முஜிபுக்கு 15 ரூபாய் அபராதம். அதைக் கட்டி, இனி ஒழுங்காக இருப்பேன் என்று எழுதிக் கொடுத்தால் படிப்பைத் தொடரலாம். பலர் அப்படிச் செய்தார்கள். முஜிப் செய்யவில்லை. கட்டினால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடுமே! படிப்பு போனது. ஏப்ரலில் துணைவேந்தர் வீட்டு முன் மறியல் செய்தபோது கைதும் ஆனார். ஜூன் 23-ல் அவாமி முஸ்லிம் லீக் தொடங்கப்பட்டபோது, சிறையில் இருந்தபடியே இணைச் செயலாளர் ஆனார். மீதிக் கதை உங்களுக்குத் தெரியும்... 1971-ல் தனி நாடு, 1975-ல் படுகொலை.

அந்த நீக்க உத்தரவு என்னவாயிற்று? 2010 ஆகஸ்ட் 14 அன்றுதான் பல்கலைக்கழகம் அதை ரத்து செய்தது. மாணவர்களிடம் பொறுப்பு கேட்க ஒரு மாதம்கூட ஆகவில்லை. தன் தவறுக்குத் தானே பொறுப்பேற்க 61 வருஷம்!

வணிகவியல் மாணவன் என்பதால் எனக்கு எதையும் கணக்காகப் பார்த்தே பழக்கம். 2010-ல் நேரானது முஜிபின் கணக்கு. அவர் நாட்டின் தந்தை ஆனதால் யாரோ பழைய கோப்பைத் தூசி தட்டினார்கள். சம்பளம் கேட்ட அந்த ஊழியர்களின் கணக்கு?

எங்கள் வகுப்பறையை தினமும் காலையில் திறந்துவிடும் அண்ணன் ஒப்பந்தத் தொழிலாளி என்பதே எனக்குப் போன மாதம்தான் தெரியும். மூன்று வருஷமாகப் பார்க்கிறேன், கேட்டதே இல்லை. முஜிப் கேட்டார். அந்த 15 ரூபாயின் மதிப்பு அதுதான்.

உங்கள் கல்லூரியில் கதவைத் திறப்பவர் யார்? அவருக்கு மாதச் சம்பளம் எவ்வளவு? நாளைக்கு ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன்.