கரோட்டிட்: மயக்கத்தின் பெயர் பெற்ற தமனி

குரல்வளையின் இருபக்கமும் விரல் வைத்தால் துடிப்பது கரோட்டிட் தமனி. தலைக்கும் மூளைக்கும் இரத்தம் கொண்டு செல்லும் முக்கியக் குழாய் இது. பெயரின் மூலம் 'காரோஸ்' என்னும் கிரேக்கச் சொல். எழுப்பினாலும் எழாத ஆழ்ந்த மயக்கம் என்பது அதன் பொருள். அரபி மருத்துவர்கள் இப்பொருளைத் தங்கள் மொழியிலேயே பெயர்த்து 'உறக்கத் தமனி' என்றனர். ரஷ்ய மொழியிலும் அப்படியே. தமிழில் கிரேக்கப் பெயர் ஒலிமாற்றமாக வந்ததால் உள்ளிருந்த மயக்கம் மறைந்துவிட்டது. கூடவே வரும் 'தமனி', ஊதுதலைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து வந்தது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் அதை விட்டு 'நாடி' என்றே எழுதுகின்றன.

பெயருக்கு அடிப்படை ஒரு நேரடிக் கவனிப்பு. கழுத்துக் குழாய்களை வெளியிலிருந்து அழுத்தினால், மூச்சு அடைபடாமலேயே மனிதர் உணர்விழந்து கண்மூடி விழுவர் என்று அரிஸ்டாட்டில் குறித்திருக்கிறார். கி.பி. 100ஐ ஒட்டி வாழ்ந்த எபேசஸ் நகர மருத்துவர் ரூஃபஸ் பெயர்க்காரணத்தை விளக்கிவிட்டு, உடனே மறுக்கவும் செய்தார்: மயக்கம் தருவது தமனி அல்ல, அதை ஒட்டிச் செல்லும் நரம்புகளே என்பது அவர் கூற்று. அடுத்த நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் காலன் விலங்குகளில் இத்தமனிகளைக் கட்டிப் பார்த்தார், மயக்கம் வரவில்லை. ஆகவே பெயரே பிழை என்ற எண்ணம் வலுப்பட்டது.

கவனிப்பு பொய்யில்லை, விளக்கம்தான் கிடைக்கவில்லை. 1799இல் இங்கிலாந்தின் பாத் நகர மருத்துவர் கேலப் பாரி, கழுத்துத் தமனியை அழுத்தினால் இதயத் துடிப்பு தணிவதை எழுதினார். 1866இல் உடலியலாளர் செர்மாக் அதே விளைவைக் கண்டு, மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கி அருகில் ஓடும் வேகஸ் நரம்பு நசுங்குவதே காரணம் என்றார். அரை நூற்றாண்டுக்கும் மேல் மருத்துவ உலகம் அதை ஏற்றிருந்தது. அதே 1866இல், பெருந்தமனிப் பகுதியிலிருந்து மூளைக்குச் செல்லும் ஒரு நரம்பைத் தூண்டினால் முயலின் இரத்த அழுத்தம் இறங்குவதை உடலியலாளர்கள் சையோனும் லுட்விக்கும் காட்டினர். இரண்டையும் இணைத்துப் பார்க்க அப்போது எவருக்கும் தோன்றவில்லை.

இணைத்தவர் ஜெர்மனியின் எச். ஈ. ஹெரிங். பொதுக் கரோட்டிட் தமனி, குரல்வளைக் குருத்தெலும்பின் மேல்விளிம்பு மட்டத்தில் உள்தமனி, வெளித்தமனி என இரண்டாகப் பிரிகிறது. உள்தமனி தொடங்கும் இடம் சற்றே புடைத்திருக்கும். அதுவே கரோட்டிட் சைனஸ். (மூக்கடைப்பால் பலரும் அறிந்த அதே 'சைனஸ்'தான், லத்தீனில் வளைவு, குழிவு.) அழுத்தம் படவேண்டிய இடம் வேகஸ் அல்ல, இந்தப் புடைப்பே என்று 1920களில் ஹெரிங் நிறுவினார். சையோனும் லுட்விக்கும் கண்ட நரம்பைப் போல, இங்கிருந்து மூளைக்குச் சேதியைக் கொண்டு செல்வது நாத்தொண்டை நரம்பின் ஒரு கிளை. நரம்பு என்று ரூஃபஸ் சொன்னது சரி. எந்த நரம்பு என்று தெரியத்தான் 1,800 ஆண்டுகள் ஆயின.

சைனஸின் சுவரில் உள்ள நரம்பு முனைகள் அறிவது இழுவிசையை. அழுத்தம் ஏறினால் சுவர் விரியும், முனைகள் விரைந்து சேதி அனுப்பும். மூளையின் அடிப்பகுதியான முகுளம் அதைப் பெற்று வேகஸ் வழியாக இதயத்தைத் தணிக்கும், பரிவு நரம்புகளின் முடுக்கத்தைக் குறைத்து, சிறு தமனிகளைத் தளர்த்தும், அழுத்தம் இறங்கும். படுத்திருப்பவர் எழும்போது நடப்பது இதற்கு நேர்மாறு. அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் கால்களுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்க, சைனஸின் விரிவு குறைகிறது; சில நொடிகளுக்குள் துடிப்பு ஏறி, குழாய்கள் இறுகி, மூளைக்குப் போகும் ஓட்டம் காக்கப்படுகிறது. விரல் கொண்டு சைனஸை அழுத்துவது உடலுக்கு இரத்த அழுத்தம் எகிறியது போன்ற பொய்ச் சேதி. இல்லாத ஏற்றத்தை உடல் இறக்கப் பார்க்க, உள்ள அழுத்தமும் சரிந்து மயக்கம் வருகிறது. மாறாக, சைனஸுக்குக் கீழே தமனியைக் கட்டினால் அதன் விரிவு குறைந்து அழுத்தம் ஏறவே செய்யும். முதுகெலும்பை ஒட்டிய தமனிகளும் மூளைக்கு இரத்தம் தரும். காலனின் விலங்குகள் மயங்காததை இன்றைய அறிவு இப்படிப் புரிந்துகொள்ள இடமுண்டு.

சைனஸை ஒட்டியுள்ள சிறு முடிச்சு, கரோட்டிட் உறுப்பு, இரத்தத்தின் ஆக்சிஜன் அளவை உணர்வது. இவ்விடங்கள் மூச்சை நெறிப்படுத்தும் விதத்தைக் கண்டதற்காக பெல்ஜியத்தின் ஹைமன்ஸுக்கு 1938ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இழுவிசையை உணரும் புரதங்கள் பீசோ-1, பீசோ-2 என்பது 2018இல்தான் வெளியாயிற்று.

சைனஸின் இந்த ஏற்பாடு நொடிக்கு நொடி ஏற்ற இறக்கத்துக்கானது. நாள்பட்ட உயர் அழுத்தத்தில் சைனஸ் அந்த உயர்ந்த அளவையே இயல்பெனக் கொண்டுவிடுகிறது. நீண்டகால அளவை முடிவு செய்வதில் உப்பையும் நீரையும் கழிக்கும் சிறுநீரகத்துக்கே பெரும்பங்கு. முதியவர் சிலருக்கு சைனஸ் மிகைக் கூர்மை கொள்வதால், இறுக்கமான காலரோ சட்டென்ற தலைத் திருப்பமோகூட மயக்கம் தரும். மிகை வேகத் துடிப்பு சிலவற்றை அடக்க மருத்துவர்கள் சைனஸை வருடுவதும் உண்டு. தமனியில் கொழுப்புப் படிவு இல்லையெனச் சோதித்த பிறகே, அதுவும் ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டுமே.